சொசைட்டி கடனுக்கு அப்புறமா பிள்ளையின் சாப்பாடு?

நிறுவனங்களில் சம்பளப் பட்டியல் போடும் கணக்குப் பிரிவினருக்கு,

வணக்கம். குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். ஜீவனாம்சத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கட்டச் சொல்லும் சம்பளப் பற்றுகை உத்தரவு உங்கள் மேசைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் திரும்பி வருகிறது: "பாதிக்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை, ஏற்கெனவே பாதி போய்விட்டது."

எதில் போனது? அண்மையில் பார்த்த ஒரு சம்பளச் சீட்டில் பி.எஃப்., சொசைட்டி (ஊழியர் கூட்டுறவுச் சங்கம்) கடன், பண்டிகை முன்பணம், ஊழியர் தானாகக் கூட்டிக்கொண்ட விருப்ப பி.எஃப். எல்லாம் இருந்தன. குழந்தைக்கான தொகைக்கு எதிரே பூஜ்யம். வழக்குப் போட்ட பிறகுதான் அந்த விருப்பப் பிடித்தம் ஏறியிருக்கிறது. கெட்டிக்காரர்தான்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பாருங்கள். சாதாரணக் கடன் தீர்ப்பு என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் ஊழியருக்கு விட்டுவைக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 24,000 ரூபாய் சம்பளத்தில் 16,000 வரை பற்றலாம். (கூலித் தொழிலாளியின் கூலியை இதே பிரிவு பற்றுகையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது, அது தனிக் கதை.) ஜீவனாம்ச உத்தரவு எதுவானாலும் சிவில் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நீங்கள் சொல்லும் பாதிக் கணக்கு வேறு சட்டத்தில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டுவதும் அதில் இருந்தால் மட்டும் 75 வரை போகலாம். சங்கத்துக்காக முக்கால், பிள்ளைக்காக அரை! 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தச் சலுகையை நீக்கி எல்லோருக்கும் 50 என்று வைத்தது. சரி, அந்த ஐம்பதுக்குள் யார் முதலில்? அமெரிக்காவில் பிள்ளை பராமரிப்புத் தொகைக்கு மற்றக் கடன்காரர்களைவிட முன்னுரிமை தந்திருக்கிறார்கள். இங்கே அப்படி எழுதிவைக்காததால் உங்கள் மென்பொருளில் எந்தத் தலைப்பு மேலே இருக்கிறதோ அதுவே சட்டமாகிவிடுகிறது.

ஆகவே, வரி, கட்டாய பி.எஃப். முடிந்ததும் நீதிமன்ற உத்தரவை வையுங்கள். சொசைட்டியும் பண்டிகை முன்பணமும் அப்புறம் வரட்டும். உத்தரவு நடப்பில் உள்ளவருக்குப் புதுக் கடன் பரிந்துரைக்கும் முன் யோசியுங்கள். உண்மையிலேயே வரம்பு இடித்தால், "இயலாது" என்று ஒற்றை வரியில் முடிக்காமல் எல்லாப் பிடித்தங்களின் விவரத்தையும் நீதிமன்றத்துக்கு எழுதுங்கள். எது முன்னால் என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

நிர்வாகம் தயங்கினால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் ஆணை, விதி 48-ஏயை எடுத்துக் காட்டுங்கள். உத்தரவு கிடைத்த பின்னும் அதை மீறி ஊழியர் கையில் சம்பளத்தைக் கொடுத்தால், அப்படிக் கொடுத்த தொகைக்கு நிறுவனமே பொறுப்பு.