ஓஹியாவிலிருந்து இறங்கியவனுக்கு

அன்புள்ள குமாருக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி தன் போனில் ஒரு படம் காட்டினாள். ஓஹியாவிலிருந்து கலுபஹானவுக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் மலைப்பாதையில், சேறு அப்பிய ஜீப்பில் கையை ஊன்றிக்கொண்டு நீ நிற்கிறாய்.

உனக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இறக்கம் தொடங்கும் முன்பே நான்கு சில்லும் இழுக்கும்படி மாற்றி, வேகம் குறைந்து பலம் கூடும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுவிட வேண்டும். அதன்பின் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறி, தேவைப்படும் வளைவில் பிடிக்காமல் போகும். கல்லும் களிமண்ணும் கலந்த இடத்தில் ஒருவரை இறக்கி முன்னே நடக்கவிட்டு, அவர் கை காட்டிய பிறகே வண்டியை நகர்த்து. ஐப்பசியில் மத்தியானத்துக்குப் பின் இடிமழை வரும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த அருவியின் சத்தம் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே. கிளட்சை மட்டும் மிதிக்காதே.

நம் குடும்பத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைத் தவிர வேறு வாகனம் ஓட்டியவர் இல்லை. நீ சொந்த ஜீப்பில் அந்தப் பாதையை இறங்கி முடித்ததைக் கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். "அப்படியென்றால் வீட்டுக்கும் வந்திருப்பானே" என்றார் ஒருவர். வந்தான் என்று சொல்லிவிட்டேன். ஓஹியா ஸ்டேஷனிலிருந்து நம் லயத்து வீடு எவ்வளவு தூரம் என்பது உனக்கே தெரியும்.

முருகேசு மாமா காலை இழந்தது லொறியின் பிரேக் போனதால் அல்ல. டீசல் மிச்சம் பிடிக்க அன்று லொறியை நியூட்ரலில் உருளவிட்டு வந்தவன் நான். விசாரணையில் பிரேக் என்று சொன்னேன். அதைப் பழுது பார்த்த பையனுக்கு வேலை போயிற்று. மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. 14 வயதில் நீ, "கியரில் வந்திருந்தால் நின்றிருக்குமே அப்பா" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். அதற்காகத்தான் உன்னை அறைந்தேன், மரியாதைக் குறைவுக்காக அல்ல.

படத்தில் இடது பக்க முன் டயரின் ஓரம் கல்லில் வெட்டுப்பட்டிருந்தது. அதோடு கொழும்பு வரை ஓடியிருக்கக் கூடாது. மாற்றிவிட்டாயா என்று ஒரு வரி எழுது.

அப்பா