திருகோணமலை உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன் ஒரு கூட்டம் வையுங்கள்

எங்கள் மாவட்டத்தின் சபைகளில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் தம்பி, தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் வெள்ளம் வடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒரு மாணவி எழும்பி, காலநிலை மாறுவதற்கும் இந்த வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு, அடுத்த மாரிக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். மேடையில் இருந்த ஒருவர், "அறுபத்து நாலிலும் புயல் வந்ததுதானே பிள்ளை, கடல்கரை ஊர் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. அவளுக்கு அன்று கிடைக்காத பதிலை இங்கே எழுதுகிறேன், அப்புறம் அவள் கேட்டதையே உங்களிடம் திரும்பவும் கேட்கிறேன்.

1964 டிசம்பரில் புயல் வந்தது உண்மை. எங்கள் ஊரடியில் கரையேறிய அதே புயல்தான் அந்தப் பக்கம் போய்த் தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பரில் புரேவியும் திருகோணமலைக்கு வடக்கேதான் ஏறியது. வங்காள விரிகுடாவில் புயல் புதிது என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. அந்தப் புயல் சுமந்துவரும் தண்ணீர்தான் கூடியிருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். புவியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போகிறது, அந்தச் சூடான கடலில் இருந்துதான் புயல் பலம் எடுக்கிறது. ஆகவே அதே பருமனுள்ள புயல் இன்று வந்தாலும் அன்றையதைவிடக் கூடுதலாக மழையைக் கொட்டும். 1901க்குப் பிறகு உலகச் சராசரிக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு சாண். மேலேயிருந்து கூடுதலாக வரும் தண்ணீர், கீழே ஒரு சாண் உயர்ந்து நிற்கும் கடலுக்குள் வடிய வேண்டும்.

சரி, சூடாகிறது, அதை மனிதன்தான் செய்தான் என்று எப்படித் தெரியும்? இதை ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், எனக்குப் படிப்பிக்கப் பிடித்த பாடமும் அதுதான். ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் 315 அளவில், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் காபனீரொட்சைட்டு இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது, கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் அது 280. கூடியது எங்கிருந்து வந்தது என்பதைக் காபனின் சமதானிகளே, அதாவது நிறையில் மட்டும் வேறுபடும் காபன் வகைகளே, சொல்லிவிடும். மரஞ்செடிகள் ஒளித்தொகுப்பில் காபன் 12ஐத்தான் கூடுதலாக எடுக்கும், காபன் 13ஐக் குறைவாகவே எடுக்கும். நிலக்கரி பழைய காட்டு மரம், எண்ணெய் பழைய கடல் நுண்ணுயிர், இரண்டிலுமே காபன் 13 குறைவு. அவற்றை எரிக்க எரிக்க வளிமண்டலத்தில் காபன் 13இன் பங்கு குறைய வேண்டும். குறைந்துகொண்டே வருகிறது, அளந்திருக்கிறார்கள். வெப்பம் சூரியனால் கூடியிருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலமும் சூடாகியிருக்கும். அது குளிர்ந்துகொண்டு போகிறது, கீழேதான் சூடு தேங்குகிறது, போர்வைக்குள் படுத்தவனுக்கு உள்ளே வெக்கையும் வெளியே குளிரும் இருப்பது போல. 2024 ஆம் ஆண்டு, கைத்தொழில் யுகத்துக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் சூடான முதல் ஆண்டாகப் பதிவாகியிருக்கிறது.

இலங்கை விடும் காபனீரொட்சைட்டு உலகக் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது, பிறகு எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான், எரித்தவர்கள் வேறு, நனைகிறவர்கள் நாங்கள், அந்த நியாயத்தை உலக மேடையில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. கண்டி மலையில் பெய்கிற மழை இரண்டொரு நாளில் வெருகலிலும் மூதூரிலும் வீட்டுக்குள் நிற்கும், 2025 நவம்பர் கடைசியில் நின்றது. அந்தத் தண்ணீர் போவதற்கு இருக்கிற தாழ்நிலத்தையும் உப்பாறு, கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் கண்டல்களையும் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரக்காடுகள்) பற்றி முடிவெடுக்கும் இடங்களில் உங்கள் சபையும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளக்காணி, சின்ன வயதில் மாரி முழுக்க வெள்ளம் நின்று தவளை கத்திய இடம், இன்று கிறவல் கொட்டி மதில் கட்டியிருக்கிறது, அதற்கு மேற்கே உள்ள ஒழுங்கையில் இப்போது சாதாரண மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர். யார் கொட்டினார்கள் என்பதைக் கதைக்க நான் வரவில்லை, இனி எங்கே கொட்டக்கூடாது என்பதைக் கதைப்போம். கண்டல் வேர் அலையின் வேகத்தைக் குறைக்கும், சேற்றுக்குள் காபனைப் பூட்டி வைக்கும், இறாலுக்கும் நண்டுக்கும் குஞ்சு வளர்க்கும் இடம் அதுதான். அதை வெட்டிவிட்டு அதே வேலைக்குக் கல்லணை கட்டப் பணம் தேடுவது எனக்கு விளங்கவில்லை.

நிலாவெளிப் புறாமலையைச் சுற்றியுள்ள முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பற்றியும் ஒரு சொல். கடல் வழமையான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமைகள் நின்றாலே முருகை வெளிறத் தொடங்கிவிடும். உலகம் 2 பாகை சூடானால் முருகைக்கற்பாறைகளில் 99 சதவீதத்துக்கு மேல் இல்லாமல் போகும் என்று ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2018 இல் எழுதியது. அந்த முருகையை நம்பி எத்தனை மீனவக் குடும்பங்களும் படகோட்டிகளும் இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் கத்தி என்ன நடக்கப்போகிறது என்ற அலுப்பும் ஊரில் இருக்கிறது. அப்படி நினைக்கிறவர்கள் சம்பூரை நினைத்துப் பாருங்கள். 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று ஒப்பந்தமே எழுதிய இடம் அது. போரில் இடம்பெயர்ந்து வந்த சனம் எதிர்த்தது, சூழல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், 2016 செப்டம்பரில் அந்த நிலையம் கட்டப்படாது என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். எங்கள் மாவட்டத்துச் சனம் கேட்டு நடந்த விசயம் அது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஐப்பசி மழை தொடங்கமுன் ஒவ்வொரு சபையும் பொதுமக்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வையுங்கள். உங்கள் எல்லைக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது, எந்த வாய்க்கால் மூடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரைபடத்தை மூன்று மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடத்தில் மண் நிரப்ப அனுமதி கேட்டு வருகிற எவருக்கும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இல்லை என்று சொல்லுங்கள். வருகிற பாதீட்டில் வடிகாலுக்கு எவ்வளவு, கண்டல் நடுகைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். நிவாரணப் பொதியோடு நீங்கள் வந்ததை நாங்கள் மறக்கவில்லை, இந்த முறை மழைக்கு முன்னரே வாருங்கள்.

கூட்டம் எங்கே வைத்தாலும், கிண்ணியாவோ மூதூரோ குச்சவெளியோ, நான் வருவேன். என் மாணவர்கள் வீட்டு வளவில் மழைமானி வைத்து அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அந்தக் கொப்பியையும் கொண்டுவருவோம். அன்று கேள்வி கேட்ட பிள்ளையும் வருவாள். அவளை முதல் ஆளாகக் கதைக்க விடுங்கள்.

அன்புடன்,
உப்புவெளியில் இருந்து ஒரு ஆசிரியர்