அண்ணன் பசாருக்கு நடந்தார்

செல்வி,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லைதான், திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டு. இப்போது விஷயத்தைக் கேள். நேற்று அண்ணன் நம் பினாங்கு ஆயர் ஈத்தாம் பசாருக்கு நடந்தே போய்க் கீரை வாங்கி வந்தார்! ஃபெர்ரி கிளம்பும்போது தாவி ஏறி நம் உயிரை எடுத்த அதே மனிதர், போன மாதம்வரை குளியலறைக்குப் போய் வருவதற்குள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இருக்கும் சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரலோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சு வாங்குகிறதே என்று நடக்காமல் உட்கார்ந்து, உட்கார்ந்ததில் தொடைச்சதை கரைந்து, சதை கரைந்ததால் நாலு எட்டு வைத்தாலே இன்னும் மூச்சு வாங்கி... கைலிக்குள் அவர் கால்கள் குச்சியாக இருந்ததைப் பார்த்து அழுதேன். எத்தனை வருஷம் சோதனைக்குப் போனோம், ஒருவர்கூட அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லையே!

இப்போது தினமும் அரை மணி நேரம், இரண்டு தொடையிலும் பட்டைகளை ஒட்டி மின்சாரம் விடுகிறோம். பயப்படாதே, சின்ன பேட்டரிப் பெட்டிதான். முழங்காலுக்கு மேலே சதை கல் மாதிரி இறுகி எழும், சில விநாடியில் தளரும், மறுபடி இறுகும். அண்ணன் பாட்டுக்குக் கோப்பி குடித்துக்கொண்டு செய்தி பார்ப்பார். கால் உழைக்கிறது, மூச்சு ஏறுவதில்லை. எனக்கு இது அதிசயமாகவே இருக்கிறது.

ஆனால் நுரையீரல் இதனால் சரியாகாது, செல்வி. 2016-இல் இங்கிலாந்தில் நோய் முற்றிய 52 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சதை இறுகும் அளவுக்கு மின்சாரம் கொடுத்து 6 வாரம் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் நடக்கும் தூரம் கூடியது, நிறுத்தியதும் அந்தப் பலன் மங்கிவிட்டது. அதனால் வந்த பலத்தைக் கொண்டே நடக்க வைத்துவிட வேண்டும் என்று பிசியோ பெண் கண்டிப்பாகச் சொன்னாள். மாலை ஆனதும் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்துவிடுகிறேன்.

உன் மாமா இந்தப் பெட்டியைக் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடாதே, அவருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வா. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் ஐந்நூறுக்கு மேல், அண்ணன் ஏறப்போவதில்லை. அடிவாரத் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றுவாராம். நின்றுகொண்டு!

உன்
மீனா