பழைய மரத்தில் முகாம் குடும்பங்களுக்கு மரச்சாமான்கள் செய்ய ஒதுக்கீடும் இடமும் கோரும் மனு

அனுப்புநர்
தச்சுத் தொழிலாளர்கள் மற்றும் குடும்பத் தலைவிகள்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கழிவு செய்யப்பட்ட மரச்சாமான்கள், இடிக்கப்படும் அரசுக் கட்டடங்களின் மரங்கள் – பொது ஏலத்துக்கு முன் முகாம் தச்சர்களுக்கு ஒதுக்கக் கோருதல் – தச்சுக்கூடத்துக்கு இடமும் மின் இணைப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல கட்டங்களாகப் படகேறி வந்து, மண்டபம் முகாம் வழியாக இம்மாவட்டத்துக்கு அனுப்பிவைக்கப்பட்ட குடும்பங்களின் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம். 27.08.2021 அன்று சட்டமன்றத்தில் 110-ஆம் விதியின் கீழ் அறிவிக்கப்பட்ட ரூ.317.40 கோடி நலத்திட்டங்களில், மாநிலம் முழுவதும் மிகவும் பழுதடைந்த 7,469 முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது முதன்மையான பணியாக அமைந்தது. பத்துக்குப் பத்து அடி அறையில் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்புமாகக் காலம் தள்ளியவர்களுக்கு 300 சதுர அடியில் கான்கிரீட் கூரையுள்ள வீடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் சொல்லித்தான் தாங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

அத்திட்டத்தில் எரிவாயு இணைப்பும் சமையல் பாத்திரங்களும் சேர்ந்தே வந்தன. கட்டிலும் மேசையும் அலமாரியும் அதன் வரம்புக்குள் வரவில்லை. அதனால் புது வீட்டிலும் முதியவர்கள் சிமெண்டுத் தரையில் பாய் விரித்தே படுக்கிறார்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் இரவில் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரிசி டிரம்மின் மூடியில் புத்தகத்தை வைத்து எழுதுகிறார்கள். தவணையில் வாங்கிய மரத்தூள் பலகை அலமாரிகள் ஐப்பசி மழையின் ஈரத்தில் ஊதிப் பிளந்துவிடுகின்றன. அலமாரி போன பிறகும் தவணை மட்டும் நிற்பதில்லை. மேலும், கடைகளில் விற்கும் கட்டிலும் பீரோவும் பெரிய வீடுகளுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் மூன்று பேர் படுக்கும் இடம் போய்விடும்.

இலவசமாகக் கட்டில் வாங்கித் தருமாறு கேட்பதற்காக இம்மனுவை நாங்கள் எழுதவில்லை. முகாமில் கைதேர்ந்த தச்சர்கள் இருக்கிறார்கள். நகரத்தின் மரக்கடைகளிலும் உள்அலங்காரப் பட்டறைகளிலும் தினக்கூலிக்குப் போய்வருபவர்கள் அவர்கள். முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்பது தாங்களும் அறிந்ததே. வேலை தெரிந்த கை இருக்கிறது. மரமும் இம்மாவட்டத்திலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்வதற்குத் தங்கள் உத்தரவு ஒன்றே குறையாக உள்ளது.

அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கால் ஒடிந்தது, கூடு ஆடுகிறது என்று கழிவு செய்யப்படும் பெஞ்சுகளிலும் மேசைகளிலும் பலகை பெரும்பாலும் கெடாமலே இருக்கிறது. பழைய ஓட்டுக் கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களும் நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் பல ஆண்டுகள் உலர்ந்து இறுகிய தேக்கு. இன்று புது மரமாக அந்தத் தரத்தை வாங்க எங்களால் முடியாது. 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளும் இடிபாட்டில் மரத்தைப் பிரித்துவைக்கவே கூறின. நடைமுறையிலோ இவை மொத்தமாக ஏலம் போகின்றன. அண்மையில் அவ்வாறு ஓர் ஏலத்துக்கு எங்களில் சிலர் சென்றபோது, முன்வைப்புத் தொகையும் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணும் கேட்கப்பட்டன. முகாம் அடையாள அட்டையை மட்டும் கையில் வைத்திருந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எடை போட்டு வாங்கிப்போன மரத்தில் ஒரு பகுதி சூளைக்கு விறகாகப் போனதைப் பிறகு கண்ணால் பார்த்தோம். தேக்கை விறகாக்குவதைத் தச்சன் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம்.

எத்தகைய பொருட்களைச் செய்வோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். கட்டில் ஆறுக்கு நான்கு அடி. துணிகளும் ஆவணங்களும் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகள் அடியில் நுழையும்படி கால்கள் ஒன்றரை அடி உயரம். படிப்பு மேசை சுவரில் கீலிட்டுப் பொருத்தப்பட்டு, படித்து முடித்ததும் மடிந்துவிடும். சமையல் அலமாரிக்கு அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுவோம். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறுக்கும் கழுந்துப் பொருத்துகள் உறுதியானவை என்றாலும், கட்டிலின் நான்கு மூலைகளிலும் போல்ட்டுகளே போடத் திட்டமிட்டுள்ளோம். காரணம் எங்கள் வாழ்க்கைநிலைதான்: பிறிதொரு முகாமுக்கு மாற்றப்பட்டாலும், ஊர் திரும்பும் நாள் வந்தாலும், ஒரு ஸ்பேனரைக் கொண்டு பிரித்து எடுத்துச்செல்லக்கூடிய கட்டில்தான் எங்களுக்குப் பொருந்தும்.

பழைய மரத்தைக் கையாள்வதில் உள்ள ஆபத்துகளையும் நாங்கள் மறைக்கவில்லை. உள்ளே புதைந்த ஆணி ஒன்று இழைப்பு இயந்திரத்தின் கத்தியை உடைத்து ஆளையும் காயப்படுத்தும் என்பதால், ஆணி பிடுங்கிக் காந்தம் வைத்துச் சோதித்த பிறகே மரம் இயந்திரத்துக்குப் போகும். உளுத்த பகுதியை வெட்டி நீக்கி, மீதியைப் பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசப்படும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பள்ளிச் சாமான்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று கொண்டே வேலை செய்ய வேண்டும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்திச் சுரண்டி, கழிவைத் தனியே மூட்டை கட்டி ஒப்படைப்போம். முகாமின் பெயின்ட் தொழிலாளர்களுக்கு இதில் முறையான பயிற்சி தேவை.

பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களில் இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பயன்படும். வெளிநாட்டிலிருந்து வரும் இவற்றில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரையோடு பூச்சிநீக்க முறையும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள், அதை எடுத்துக்கொள்வோம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகையூட்டப்பட்ட மரம். அது வீட்டுக்குள் வேண்டாம். இடிக்கப்படும் பழைய முகாம் வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடமாட்டோம். அவற்றைப் பாதுகாப்பாக அகற்றும் பொறுப்பை உரிய துறையிடம் ஒப்படைக்கவும் இதே மனுவில் வேண்டுகிறோம்.

எனவே, இம்மாவட்டத்தில் கழிவு செய்யப்படும் மரச்சாமான்களின் பட்டியல் பொது ஏலத்துக்குச் செல்வதற்கு முன் முகாமுக்குப் பொறுப்பான தனி வட்டாட்சியருக்கு அனுப்பப்படவும், தேவையானவற்றை விலையின்றியோ, அது விதிகளுக்கு உட்படாதெனில் விறகு மதிப்பிலோ எங்களுக்கு ஒதுக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முகாமில் பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய பொதுக் கட்டடத்தைத் தச்சுக்கூடமாகப் பயன்படுத்த அனுமதியும், இயந்திரங்கள் இயங்கத்தக்க மும்முனை மின் இணைப்பும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் மரம் மட்டும் வந்தால் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் பயிற்றுநர் ஒருவர் அவ்வப்போது வந்து இயந்திரப் பாதுகாப்பைக் கற்றுத்தருவாரானால், படிப்பை முடித்தும் வேலை அமையாமல் இருக்கும் முகாம் இளைஞர்களும், இளம்பெண்களும் சேர்ந்து கற்றுக்கொள்வார்கள்.

முதல் சுற்றில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்குக் கட்டில். அடுத்துப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மேசை என்று வரிசை வகுத்துள்ளோம். பெற்ற மரம், செய்த பொருள், பெற்றுக்கொண்ட குடும்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மாதந்தோறும் தனி வட்டாட்சியரின் பார்வைக்கு வைப்போம். ஒதுக்கப்பட்ட மரத்தை வெளியில் விற்பதாகத் தெரியவந்தால் ஒதுக்கீட்டை உடனே நிறுத்திவிடலாம் என்பதற்கும் இசைகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இடமும் மின் இணைப்பும் கிடைத்தால், தை மாதத்துக்குள் முதல் சுற்றுக் கட்டில்களை முடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முகாம் தச்சுத் தொழிலாளர்கள் மற்றும் குடும்பத் தலைவிகள்

இணைப்பு: கட்டில், மடக்கு மேசை, அலமாரி ஆகியவற்றின் அளவு வரைபடங்கள், கையொப்பப் பட்டியல்.