எல்லாம் சரி, வாசற்படியை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் முதியோர் இல்லம் தேடுகிறவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. நானும் இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். அறை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். முப்பத்து நான்கு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்த ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் எல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? காட்பாடி காந்தி நகரில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டையே கடைசிவரை இருக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று தை மாதம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

முதல் வேலை பாத்ரூம். வழுவழு டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானது போட்டோம். வாசலில் இருந்த இரண்டு அங்குலத் தடுப்பை எடுக்கச் சொன்னதும் மேஸ்திரி, "தண்ணி ரூமுக்குள்ள வந்துடும் சார்" என்று தலையை ஆட்டினார். தரையை உள்பக்கமாகச் சரித்து, கதவோரம் தண்ணீர் வடிய நீளமாக ஒரு ஜாலி (ஓட்டைத் தகடு) வைத்ததும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பிப் போட்டோம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், இதை எந்த பில்டரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பி மாட்டும்போது மட்டும், "ஆஸ்பத்திரி மாதிரி ஆகிடும் சார்" என்றார்.

அந்தப் பேச்சு மனசில் தைத்தது. அப்புறம் நடையில் வைக்க வேண்டிய கைப்பிடியை ஸ்டீலில் போடாமல், படச் சட்டங்கள் செய்த அதே தேக்கில் ஆசாரியிடம் உருட்டச் சொன்னேன். ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழைய ஒன்றரை அங்குல இடைவெளி. அதற்கு மேலே வரிசையாகப் படங்கள். பார்க்கிறவர்கள் அதைப் படங்களுக்குக் கீழே ஓடும் சட்டம் என்றுதான் நினைக்கிறார்கள்.

வெளிச்சத்தில்தான் திண்டாட்டம். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் எங்களுக்கு விளக்கு நிறைய வேண்டும். ஓவியத்துக்கோ வெளிச்சமே எமன். அருங்காட்சியகங்களில் துணி ஓவியத்துக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும் என்று வைத்திருக்கிறார்கள். என்னிடம் காளஹஸ்தி கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் வரைந்த ஓவியம், ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். கழற்றினால், சட்டத்துக்கு அடியில் மடித்த ஓரத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெளுத்துச் சோறு வடித்த கஞ்சி நிறம். டிராயிங் மாஸ்டர் செய்கிற காரியமா இது! இப்போது வெளிச்சத்தைச் சுவருக்குக் கொடுக்காமல் தரைக்குக் கொடுத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன எல்.இ.டி., ராத்திரி எழுந்தால் கால் வைக்கிற இடம் தெரியும், கலம்காரி நிழலிலேயே இருக்கும்.

படங்களையும் கீழே இறக்கினேன். கண்காட்சியில் நிற்கிறவர் கண்ணுக்கு நேராக மாட்டுவார்கள். மூட்டுவலிக்காரியான என் மனைவி பார்ப்பது நாற்காலியில் உட்கார்ந்துதான், அதற்கு நடுப்பகுதி நாலடி உயரத்தில் இருந்தால் போதும். தூசி தட்ட ஸ்டூல் மேல் ஏறுகிற வேலையும் இல்லை. கரிகிரி மண் ஜாடிகள் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டன. தெருக்கூத்தில் துரியோதனன் வைக்கிற கிரீடம் ஒன்று, கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தது, தூக்கினால் காற்று மாதிரி இருக்கும், அதுதான் பரணை இடித்த இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. "ஏங்க, துரியோதனன் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கு" என்கிறாள் மனைவி.

வீட்டுக்குள் எல்லாம் ஆயிற்று. வெளியே போகத்தான் வழியில்லை. லிஃப்ட் இருக்கிறது, அதிலிருந்து இறங்கித் தெருவுக்கு வர மூன்று படி. சாய்தளம் கேட்டேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு; எங்கள் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம், ஆக பதினெட்டு அடி வேண்டும். இரண்டு பைக் நிறுத்தும் இடம் போய்விடும் என்று ஃபிளாட்காரர்கள் சங்கத்தில் மறுத்துவிட்டார்கள், படி ஏறுவது உடற்பயிற்சி என்ற அறிவுரையும் கிடைத்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த வேலூர் இது. 1966-லேயே பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்த ஊர். இங்கே கட்டுகிற அடுக்குமாடிக்குச் சாய்தளம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைச் சுருக்கியாவது போடுங்கள். அதைக் கத்தரித்து லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் மாட்டலாம் என்றிருக்கிறேன், அங்கே ஆணி அடிக்க யாரும் தடை சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி