மாஸ்கோ எழுத்தாளர் அமைப்பின் செயலகத்துக்கு, புரூஃப் பார்க்கிற ஒருவனின் திறந்த மடல்

ஐயா, அம்மா,

1974 ஜனவரி 9 அன்று கூடி உட்கார்ந்து எழுத்தாளர் லிதியா சுக்கோவ்ஸ்கயாவைச் சோவியத் எழுத்தாளர் சங்கத்தை விட்டு நீக்கினீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் அநேகம் பேர் இப்போது உயிரோடு இருக்க மாட்டீர்கள். அந்தச் சங்கமும் இல்லை, அந்த நாடும் இல்லை. முகவரி இல்லாத கடிதத்தை ஒட்டி என்ன ஆகப்போகிறது, திறந்தே போடுகிறேன்.

நான் தமிழில் புரூஃப் திருத்திப் பிழைக்கிறவன். உங்கள் ஊரில் அச்சாகித் தமிழில் வந்த வழவழப்பான புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன். அவற்றில் எதிலும் இந்த அம்மாவின் பெயரை நான் பார்த்ததில்லை. பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு, என் தொழிலில் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

நீங்கள் அவரை எப்படிப் பார்த்தீர்களோ. குழந்தைக் கவிஞர் கர்னேய் சுக்கோவ்ஸ்கியின் மகள், பார்வை மங்கிய 66 வயதுக் கிழவி, வாயை அடக்கத் தெரியாதவள். எனக்கு அவர் முதலில் எடிட்டர். 1928இல் லெனின்கிராடில் கவிஞர் மர்ஷாக் நடத்திய சிறுவர் நூல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கையெழுத்துப் படியில் நாலு கமா போட்டு அனுப்புகிற வழக்கம் கிடையாது. விஞ்ஞானியை, மாலுமியை, ஊர் சுற்றியவனைப் பிடித்து உட்காரவைத்து, தனக்குத் தெரிந்ததைப் பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத வைப்பார்கள். மத்வேய் பிரன்ஷ்டெய்ன் என்ற இளம் இயற்பியலாளர் ஹீலியத்தைப் பற்றி அப்படித்தான் ஒரு புத்தகம் எழுதினார். பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுபிடிக்கப்பட்ட பொருளின் கதை. அதற்கு எடிட்டர், அவர் மனைவி லிதியா. கட்டிய புருஷன் எழுதியதையே திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்து 1937, ஸ்டாலின் ஆட்சியில் கைதுகள் உச்சத்தில் இருந்த வருஷம். அந்த அலுவலகமே சிதறியது. சக எடிட்டர்கள் கைதானார்கள், லிதியாவுக்கு வேலை போனது. ஆகஸ்டில் பிரன்ஷ்டெய்னைப் பிடித்துப் போனார்கள். 'கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்து ஆண்டுகள்' என்று வீட்டுக்குச் சொன்னார்கள். 1938 பிப்ரவரியிலேயே சுட்டுவிட்டார்கள். அந்த வாசகத்துக்கு அதுதான் பொருள். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ மழுப்பலான வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். இதைப்போல ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

1939-40 குளிர்காலத்தில், பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், ஒரு குறுநாவல் எழுதினார். நாயகி சோபியா பெத்ரோவ்னா பதிப்பகத்தில் தட்டச்சுப் பிரிவின் தலைமை. மகன் கைதாகிறான். அவள் அரசையும் நம்புகிறாள், மகனையும் நம்புகிறாள். இரண்டையும் சேர்த்து நம்ப முடியாமல் புத்தி பேதலிக்கிறாள். அதில் ஒரு இடம் என்னை விடவே இல்லை. நத்தாஷா என்ற தட்டச்சுப் பெண் 'க்ராஸ்னயா' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'க்ரீஸ்னயா' என்று அடித்துவிடுகிறாள். ஒரே ஒரு எழுத்து. செம்படை எலிப்படை ஆகிவிட்டது. வேலை போகிறது, கடைசியில் உயிரும் போகிறது. புரூஃபில் ஓரமாக ஒரு கோடு இழுத்துச் சரிசெய்கிற பிழை ஐயா அது.

அந்த நோட்டை வைத்திருந்த நண்பர் லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியால் செத்தார். நோட்டு பிழைத்தது. ஸ்டாலின் போன பிறகு, உங்கள் பதிப்பகமான 'சோவியத் எழுத்தாளர்' அதை ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தம் போட்டு, தொகையில் 60 சதவீதத்தையும் கொடுத்தது. 1963இல் காற்று மாறியது, வெளியிட மாட்டோம் என்றார்கள். அம்மா என்ன செய்தார் தெரியுமா? கோர்ட்டுக்குப் போனார்! ஏற்றுக்கொண்ட படிக்கு முழுத் தொகை தர வேண்டும் என்று கேட்டு, 1965இல் ஜெயித்தும் விட்டார். மீதி 40 சதவீதம் வந்தது, புத்தகம் வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் வந்தது. சொந்த நாட்டில் அச்சாக 1988 ஆயிற்று.

கவிஞர் அன்னா அக்மதோவா விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுவருக்குக் காது இருந்த காலம். அக்மதோவா கூரையைக் கண்ணால் காட்டிவிட்டு, துண்டுக் காகிதத்தில் சில வரிகள் எழுதி நீட்டுவார். லிதியா வாய் திறக்காமல் படித்து மனப்பாடம் செய்து திருப்பிக் கொடுப்பார். இந்த வருஷம் இலையுதிர் காலம் சீக்கிரமே வந்துவிட்டது என்கிற மாதிரி ஏதாவது சத்தமாகப் பேசிக்கொண்டே அக்மதோவா தீக்குச்சி கிழிப்பார். சாம்பல் கிண்ணத்தில் காகிதம் எரியும். ஒப்புநோக்க மூலப்படி கிடையாது, தலைக்குள் இருப்பதுதான் படி. ஒரு சொல் நழுவினால் போச்சு. இப்படி மனப்பாடம் செய்த சில தலைகளில் தங்கித்தான், ஸ்டாலின் காலக் கைதுகளைப் பற்றி அக்மதோவா எழுதிய 'இரங்கற்பா' நம் கைக்கு வந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நீங்கள் பாடம் எடுத்தீர்கள்.

திறந்த மடல் எழுதுவதிலும் அவர்தான் கைதேர்ந்தவர். தாங்கள் எழுதியதை வெளிநாட்டில் அச்சிட்டதற்காக எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கிக்கு 7 ஆண்டு, தானியேலுக்கு 5 ஆண்டு முகாம் தண்டனை கொடுத்தார்கள். அது போதாது என்கிற தொனியில் நாவலாசிரியர் ஷோலகவ் 1966 கட்சிக் காங்கிரஸில் பேசினார். அப்போதுதான் நோபல் வாங்கி வந்த கை. லிதியா அவருக்கு எழுதினார்: இலக்கியம் கிரிமினல் கோர்ட்டின் எல்லைக்குள் வராது, கருத்துக்குப் பதில் கருத்துதான், சிறை அல்ல என்று. இலக்கியமே உங்களைத் தண்டிக்கும், இனி உங்களால் எழுத முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு வரி எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகிறது, சாபம் போல. ஆனால் ஷோலகவ் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எழுதியது என்ன?

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். குற்றம், 'மக்களின் சினம்' என்று அவர் 1973இல் எழுதிய கட்டுரை. படிக்காத புத்தகத்தின் மேல் பத்திரிகையில் கோபத்தைத் தயாரிப்பது எப்படி, நாவலாசிரியர் பாஸ்தர்நாக் முதல் அரசை எதிர்த்துப் பேசிய இயற்பியலாளர் சகாரவ் வரை அது எப்படி நடந்தது என்று பிரித்து வைத்திருந்தார். நீக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தேதான் வந்தார். மாஸ்கோவில், நீங்கள் தூற்றிய எழுத்தாளர் சோல்செனித்சின் பெயரில் சதுக்கமும் சகாரவ் நிழற்சாலையும் வந்தே தீரும் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த மாதமே சோல்செனித்சினை விமானத்தில் ஏற்றி நாடு கடத்தினார்கள். அன்றைக்கு நீங்கள் ஜெயித்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

1990இல் சகாரவ் நிழற்சாலை வந்தது. 2008இல் பெரிய கம்யூனிஸ்ட் தெரு சோல்செனித்சின் தெரு ஆனது. சதுக்கம் என்று அவர் சொன்னது தெரு என்று விழுந்திருக்கிறது. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, நான் புரூஃப் பார்த்தால் விட்டுவிடுவேன்.

நீங்கள் அவர் பெயரை அச்சிலிருந்து எடுத்தீர்கள். அப்பாவைப் பற்றிப் பிறர் எழுதுகிற இடத்தில்கூட மகள் பெயர் வரக் கூடாதென்று பார்த்துக்கொண்டார்கள். அவர் என்ன செய்தார்? உங்கள் கூட்டத்தையே புத்தகமாக எழுதினார். யார் பேசினீர்கள், எப்படிப் பேசினீர்கள், எல்லாம் இருக்கிறது. 'நீக்கத்தின் நடைமுறை', பாரிஸ், 1979. உங்களில் சிலருடைய பேச்சு இன்றைக்கும் எங்காவது படிக்கக் கிடைக்கிறதென்றால், அதற்கு இந்த அம்மாதான் காரணம்.

1996 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதற்கு முன்பே சங்கத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அரசுப் பரிசும் கொடுத்தார்கள். அதெல்லாம் உங்கள் கணக்கில் வராது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் பழைய கோப்பு அலமாரிகளுக்கு இன்றைக்கு யார் வாரிசோ அவர்களுக்கு. அன்றைய கூட்டத்துக்கு உங்கள் தரப்பில் எழுதிய குறிப்பு எங்காவது கட்டுக்குள் இருந்தால், லிதியா எழுதியதன் பக்கத்தில் அதை வைத்து, வரிக்கு வரி ஒப்புநோக்கி அச்சிடுங்கள். ரஷ்ய மொழி தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். 60 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கோர்ட்டுக்கு அலையவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு புரூஃப் ரீடர்