முதல் நாள் அணைக்குக் கீழே இறங்கு, பாப்பா

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஆறுகளில் படகில் போய் மீன்பிடிக்க நீ போட்டு அனுப்பிய திட்டத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். ஜூன் இரண்டாவது வாரம், முதல் இரண்டு நாள் பிளாக்ஃபுட் ஆறு, மூன்றாம் நாள் ஹோல்டர் அணைக்குக் கீழே மிசௌரி. படகில் நீயும் உன் சிநேகிதியும் மட்டும். போய் வா, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தேதியும் வரிசையும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ மேப்பை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறாய். ஆற்றுக்குப் போகிறவர்கள் தண்ணீரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். மேட்டூரில் வேலை பார்த்த காலம் முழுக்க, காலை எட்டு மணிக்கு நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பதில்தான் எனக்குப் பொழுது விடியும். உங்கள் ஊரிலும் அதே கணக்குதான், வினாடிக்கு இத்தனை கன அடி. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஆறுகளில் அளவுமானி வைத்து, பெரும்பாலும் கால் மணிக்கு ஒரு அளவு எடுத்து இணையத்தில் போடுகிறது. இன்றைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே. ஒரு வார அளவைக் காட்டும் வரைபடத்தைப் பார். ஏறுகிறதா, இறங்குகிறதா, வழக்கமாக இந்தத் தேதியில் ஓடும் அளவைவிட அதிகமா என்று பார். ஏறுகிற தண்ணீர் கலங்கி வரும், மரத்தையும் இழுத்து வரும். இறங்கித் தெளிகிற தண்ணீரில்தான் மீனும் கிடைக்கும், படகும் சொன்னபடி கேட்கும்.

பிளாக்ஃபுட்டின் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்த மேலே அணை கிடையாது. மலையில் பனி உருகினால் அப்படியே ஆற்றில் வந்து இறங்கும். மே, ஜூனில் பல ஆயிரம் கன அடி ஓடும் அதே ஆறு, ஆகஸ்டில் ஆயிரத்துக்கும் கீழே போய்விடும். பாறை நிறைந்த ஆறு வேறு. புதிதாகத் துடுப்புப் பிடிக்கிற இரண்டு பேர், ஜூனில், முதல் நாளே அதில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மிசௌரி அப்படியில்லை. ஹோல்டர் அணை 1918இல் முடிந்தது, நம் மேட்டூருக்குப் பதினாறு வயது மூத்தது. அணை இருப்பதால் கீழே நீர்மட்டம் திடீர் திடீரென்று ஏறி இறங்காது. ஆறு அகலம், ஓட்டம் சீர். ரெயின்போ, பிரவுன் இரண்டு வகை ட்ரவுட் மீனும் மைலுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதல் நாள் அங்கே போ. அணையடியிலிருந்து கிரெய்க் ஊர் வரை எட்டு ஒன்பது மைல்தான், ஒரு பகலுக்கு அது தாராளம். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடிக்கும் என்கிறார்கள், அதனால் விடிந்ததுமே இறங்கிவிடு. கை பழகிய பிறகு, மூன்றாம் நாள் பிளாக்ஃபுட்.

பயணத்தை ஜூலை முதல் பாதிக்குத் தள்ளி வை. அதற்கும் பின்னால் போனால் வேறு தொந்தரவு. ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், சூடு ஏறினால் மூச்சுத் திணறும். தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அங்கே பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை வரலாம். நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து இந்த மீன் பிழைத்துக் கிடப்பதற்கும் அங்கே தண்ணீர் குளிர்ந்திருப்பதுதான் காரணம்.

அப்புறம் முக்கியமான விஷயம். முதல் நாள் உள்ளூர் கைடு ஒருவரைத் துடுப்பில் உட்கார வை. காசு அதிகம்தான், தெரியும். வேண்டுமானால் நான் அனுப்புகிறேன். பூலாம்பட்டிப் பரிசல்காரர் ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்ததை எந்த மேப்பிலும் பார்க்க முடியாது. பரிசலை நடு ஆற்றில் நிறுத்தி, கையிலிருந்த வேப்பங்குச்சியை ஒடித்துப் போட்டார். குச்சி கொஞ்ச தூரம் நேராகப் போனது, பிறகு இடப்பக்கம் சாய்ந்து, ஒரு இடத்தில் நின்று சுழன்றது. "அங்க அடியில பாறை இருக்குது, அதுக்குப் பின்னாலதான் மீன் நிக்கும்" என்றார். தண்ணீர் வழவழவென்று முதுகு தூக்கி நின்றால் அடியில் பாறை. வேகமும் மந்தமும் உரசுகிற கோட்டில் மீன் இரைக்குக் காத்திருக்கும். நீ தூண்டிலில் போடும் ஈயும், அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய கொக்கியும், அந்தக் குச்சியைப் போலவே தண்ணீரின் போக்கில் போக வேண்டும். தூண்டில் லைன் அதை இழுத்தால் மீன் கிட்டவே வராது. லைனை அவ்வப்போது ஓட்டம் வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டுத் தளர்த்துவது எப்படி என்று கைடிடம் கற்றுக்கொள். எந்த ஈ என்பதைக் கிரெய்க்கில் கடைக்காரரிடம் கேள், அன்றைக்கு எது பறக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும்.

துடுப்பு போடும்போது முகம் ஓட்டத்தின் பக்கம் இருக்கும். எதிரே பாறை வந்தால் படகின் மூக்கைப் பாறைப் பக்கம் சாய்த்துவிட்டுப் பின்னால் வலி. விலக நினைத்து முன்னால் தள்ளினால் வேகம்தான் கூடும். பாறையைவிடப் பயப்பட வேண்டியது கரையிலிருந்து சாய்ந்து கிடக்கும் மரம். கிளை நடுவே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. தொலைவிலேயே பார்த்து விலகிவிடு. ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் நங்கூரம் போடவே கூடாது, படகு கவிழ்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள். பனித்தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் முதலில் மூச்சு அடைக்கும்.

காரை, ஆற்றில் இறங்கும் இடத்திலிருந்து கரை ஏறும் இடத்துக்குக் கொண்டுபோய் விட ஆள் கிடைப்பார்கள், முந்தின நாளே பேசி வை. உயர்நீர்க் கோட்டுக்குள், அதாவது தண்ணீர் வழக்கமாக ஏறுகிற உயரத்துக்குள், ஆற்றில் யாரும் இறங்கலாம் என்று 1985இல் அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் நிலத்தைக் கேட்காமல் கடந்து ஆற்றுக்குப் போக முடியாது. பிளாக்ஃபுட்டில் புல் ட்ரவுட் மாட்டினால் விட்டே ஆக வேண்டும், அது பாதுகாக்கப்பட்ட மீன். பிடித்ததை ஏன் விட வேண்டும் என்று அம்மா கேட்கிறாள். எனக்கு விடுவதுதான் சரியென்று படுகிறது. கையை நனைத்துக்கொண்டு தொடு, தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்று.

எந்த நாள் எங்கே இறங்குகிறாய், எங்கே எத்தனை மணிக்கு ஏறுவாய் என்று எனக்கும், அந்த ஊரில் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். படகுக்கு முன்பணம் கட்டும் முன் புதுத் தேதியைச் சொல், அந்த வாரம் முழுக்க நானும் இங்கிருந்து அளவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா